இரண்டாம் முறைக்கு மேளமில்லை

ஆறு நாற்பதுக்கு அது முனை திரும்பியது.
பதினான்கு மாடி. பெயர் ஓரெல்லா.
பினாங்குக்கு இதுதான் முதல் தடவையாம்.
அதனால் நேற்றே கொடிக்கம்பங்களுக்கு வெள்ளை அடித்தோம்,
கழிவறைக்குப் புது வாளி வந்தது,
இழுவைப் படகு இரண்டும்
வானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிப் பழகியதில்
பட்டர்வொர்த் ஃபெரியில் நின்றவர்கள்
நனைந்து திட்டினார்கள்.

கூடாரத்தடியில்
கொம்பாங் அடிக்கும் பையன்கள்.
சிங்கத்தின் தலையைக் கழற்றிவைத்து
வாலோடு உட்கார்ந்து நாசி லெமாக் தின்னும் ஒருவன்.
சலங்கை கட்டிய சிறுமிகள் நால்வர்,
ஒருத்தி தோளில் ஒருத்தியாய்த் தூக்கம்.
மைக் பிடித்தவர்
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று
கடலுக்கு எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.
டத்தோ இன்னும் வரவில்லை.

என் வேலை கயிறு.
நானும் பூன் கியாட்டும் முன்பக்கம்,
கமாருடின் ஆட்கள் பின்பக்கம்.
முதலில் மெல்லிய கயிறு பறந்து வரும்,
நுனியில் சாத்துக்குடி அளவு முடிச்சு.
தலையில் பட்டால் தையல் போட வேண்டும்.
அதைப் பிடித்து இழுத்தால்
பின்னாலேயே வரும் வடம்,
தொடைத் தடிமனில், ஈரமாய்,
குளத்தை விட்டு ஏறும் எருமைபோல மனமில்லாமல்.
அதன் காதை இரும்புக் குற்றியில் மாட்டியதும்
கப்பல் பினாங்கில் இருக்கிறது.
அதுவரை இல்லை.
டத்தோவின் உரையில் இது வராது.

இன்று கயிறு எறிந்தவன்
தண்ணீருக்குச் சற்று மேலே
திறந்திருந்த சதுரக் கதவில் நின்றான்.
பிடித்ததும் பழக்கத்தில் "ஆச்சு!" என்றேன்.
எட்டிப் பார்த்தான்.
"தமிழாண்ணே? இது எந்த ஊரு?"

மேல்தட்டில் மூவாயிரம் பேர்
என் ஊரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் தலையணைமேல்
ஊர்ப்பெயர் அச்சடித்த தாளை
இரவே வைத்திருப்பார்கள்.
"பினாங்கு!"
"எது?"
மேளம் தொடங்கிவிட்டது.
"பி... னாங்... கு!"
பீய்ச்சிய தண்ணீரில் அரைகுறையாய் ஒரு வானவில்,
அவன் உச்சந்தலைக்கு நேர் மேலே,
அவனுக்கு மட்டும் தெரியாத இடத்தில்.

மேளம் மூச்சு வாங்கிய இடைவெளியில் கிடைத்தவை:
பெயர் மிக்கேல். மணப்பாடு.
மூன்று துறைமுகமாய் இறங்கவில்லை.
"இன்னைக்கும் ட்யூட்டிண்ணே.
இங்க டீ நல்லா இருக்குமா?"

பத்து மணிக்கு டத்தோ வந்தார்.
பலகை மாற்றிக்கொண்டார்கள்.
கப்பல் தலைவர் ஒன்று கொடுத்தார், நம்மவர் ஒன்று.
நம் பித்தளையில் ஓரெல்லாவுக்கு
ஓர் எழுத்து குறைந்திருந்தது.
கைதட்டல் குறையவில்லை.
அலுவலகச் சுவரில் இடம் போதாமல்
பழைய பலகை இரண்டைக் கழற்றினார்கள்.
அதில் ஒரு கப்பலை எங்கோ கரையில் ஏற்றி
உடைத்து இரும்பாக்கிவிட்டார்களாம்,
பூன் கியாட் சொன்னான்.

மாலை ஆறுக்குக் கூடாரம் இல்லை.
நாற்காலி லாரி போயாயிற்று.
சிங்கம் உதிர்த்த மஞ்சள் மயிர்
கொஞ்சம் தரையில் உருண்டது.
வழியனுப்ப நாங்கள் நான்கு பேர்.

கதவு திறந்தது. அவன்தான்.
மெல்லிய கயிற்றை இறக்கச் சொல்லிக் கை காட்டினேன்.
பினாங்கு தெருவில் வாங்கிய தே தாரிக்,
பிளாஸ்டிக் பையில், கழுத்தில் ராஃபியா நூல்,
இன்னும் கை பொறுக்காத சூடு.
முடிச்சுக்குக் கீழே கட்டினேன்.
இழுத்தான்.
வெள்ளைச் சுவரில் இரண்டு முறை மோதி
பாதியைக் கப்பல் குடித்தது.
மீதியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னான்.
சங்கு ஊதிவிட்டது.

குற்றியிலிருந்து வடத்தின் காதைக் கழற்றினேன்.
தண்ணீரில் விழுந்தது, மேலேறிப் போனது.

அடுத்த முறை வருகையில் இது பழைய கப்பல்.
கொம்பாங் கிடையாது, சிங்கம் கிடையாது,
டத்தோ தூங்கிக்கொண்டிருப்பார்.
கயிறு வரும்.
அவனோ, வேறு எவனோ,
ஊர் எதுவென்று கேட்பான்.
அன்றைக்கு
ஒரு தடவை சொன்னால் போதும்.